மாற்றுச் சிறுநீரகம் வந்த பிறகு அந்தக் கையை என்ன செய்வது?



சிறுநீரக மருத்துவர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் அவர் என்ன பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், பிரஷரைப் பாருங்கள், வலி மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள் என்பார். அத்தனையும் தேவையான பேச்சு. ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது மேடைகளில் அதிகம் பேசப்படாத பொருள். சிறுநீரகம் செயலிழந்தவர் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். பிறகு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கிறது, நலம் பெறுகிறார், வேலைக்கும் போகிறார். ஆனால் டயாலிசிஸுக்காகக் கையில் போட்ட ஃபிஸ்டுலா அப்படியே இருக்கிறதே, அதை என்ன செய்வது? மூடிவிடுவதா? வைத்துக்கொள்வதா? யார் முடிவெடுப்பது? எப்போது எடுப்பது?

நம் பக்கத்து ஆட்கள் இந்தக் கேள்வியை என்னிடம் நேராகவே கேட்பார்கள். "அதான் கிட்னி மாத்தியாச்சுங்களே டாக்டர், இனி இந்தக் கை எதுக்குங்க?" என்பார் ஒருவர். "இது இருந்துட்டுப் போகட்டுமுங்க, எடுத்துட்டா மனசுக்குப் பயமா இருக்குதுங்க" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே பாதி பதில்தான். மீதிப் பாதியைத் தேடுவதற்குத்தான் இந்த உரை.

முதலில், ஃபிஸ்டுலா எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அது தெரிந்தால்தான் அதன் அருமையும் தெரியும், ஆபத்தும் தெரியும்.

1943. இரண்டாம் உலகப் போரின் நடுவே, ஜெர்மன் படைகளின் பிடியில் இருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் ரத்தத்தை வெளியே எடுப்பது எப்படி? ஒவ்வொரு முறையும் ஒரு ரத்தக் குழாயைக் கீறித் திறக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய குழாய் மறுமுறைக்கு உதவாது. ஒரு மனிதனுக்கு எத்தனை குழாய்கள் இருக்கின்றன? சில வாரங்களில் எல்லாம் தீர்ந்துபோகும். அதனால்தான் தானாகக் குணமாகக்கூடிய தற்காலிகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே அன்றைக்கு டயாலிசிஸ் உதவியது. நிரந்தரமாகச் சிறுநீரகம் கெட்டவருக்கு, இயந்திரம் பக்கத்திலேயே இருந்தும் வழி இல்லை.

1960. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர் டெஃப்லான் குழாயை வளைத்து, அதன் ஒரு முனையைத் தமனியிலும் மறு முனையைச் சிரையிலும் பொருத்தி, கைக்கு வெளியே நிரந்தரமாக விட்டுவைத்தார். அந்த வழியில் டயாலிசிஸ் பெற்ற முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் அதற்குப் பிறகு பதினொரு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். நிரந்தரச் சிறுநீரகச் செயலிழப்பு என்றால் மரணம் என்ற நிலை அன்றைக்கு மாறியது. ஆனால் வெளியே தொங்கிய அந்தக் குழாயில் கிருமி தொற்றியது, ரத்தம் உறைந்தது, தவறிப் பிடுங்கினால் உயிருக்கே ஆபத்தாக முடிந்தது.

1966. நியூயார்க்கைச் சேர்ந்த பிரெஷியா, சிமினோ, அறுவை மருத்துவர் அப்பெல் ஆகியோர் வேறொரு வழியை உலகுக்கு அறிவித்தார்கள். வெளிக் குழாயே வேண்டாம். மணிக்கட்டில் ஓடும் தமனியையும் பக்கத்தில் இருக்கும் சிரையையும் தோலுக்கு அடியில் நேரடியாக இணைத்துவிடலாம். தமனியின் வேகத்தோடு ரத்தம் சிரைக்குள் பாயும். சில வாரங்களில் சிரை பருத்து, சுவர் தடித்து, ஊசி போடத் தயாராகும். அன்று அவர்கள் சொன்னதுதான் இன்று பல்லடத்திலும் திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் நம் ஆட்களின் கையில் இருக்கும் ஃபிஸ்டுலா. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அதைவிடச் சிறந்த வழி இன்னும் வரவில்லை.

சிறுநீரக மாற்று சிகிச்சையும் இதே காலத்தில் வளர்ந்தது. 1954-இல் பாஸ்டனில் ஜோசஃப் முர்ரே இரட்டைச் சகோதரர்களுக்கு இடையே முதல் வெற்றிகரமான மாற்று அறுவையைச் செய்தார். நம் தமிழ்நாட்டில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1971-இல் மருத்துவர்கள் மோகன் ராவும் ஜானியும் இந்தியாவுக்கே வழிகாட்டிய வெற்றியைப் பெற்றார்கள். 2008-இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி அசோகனும் புஷ்பாஞ்சலியும், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அந்த ஒரு முடிவு தமிழ்நாட்டின் மனசாட்சியைத் தொட்டது. இன்று உறுப்பு தானத்தில் நாட்டுக்கே முன்மாதிரி என்று நம் மாநிலம் பெயர் பெற்றிருக்கிறது என்றால் அதன் பின்னால் அந்தப் பெற்றோரின் கண்ணீர் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன்? மாற்றுச் சிறுநீரகம் கடையில் வாங்கிய பொருள் அல்ல. ஒரு தாய் கொடுத்தது, ஒரு மனைவி கொடுத்தது, அல்லது முகம் தெரியாத ஒரு குடும்பம் தன் துக்கத்தின் நடுவில் கொடுத்தது. அந்தக் கொடை எத்தனை ஆண்டு நிலைக்கிறதோ அத்தனை ஆண்டும் அதைச் சுமக்கிற உடம்பு நன்றாக இருக்க வேண்டாமா? அந்த உடம்பின் இதயம் நன்றாக இருக்க வேண்டாமா? அங்கேதான் இந்தக் கை வருகிறது.

நண்பர்களே, கைக்குப் போவதற்கு முன், மாற்று அறுவைக்குப் பிறகு உடம்பில் விட்டுவைக்கவோ மறந்துவிடவோ கூடாத சில பொருள்களைச் சொல்லிவிடுகிறேன். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

ஒன்று, கழுத்து லைன். டயாலிசிஸுக்காகக் கழுத்துச் சிரை வழியாகப் போடும், பெர்ம்கேத் என்று நீங்கள் சொல்லும் குழாய். புதுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது, இனி டயாலிசிஸ் தேவைப்படாது என்று மருத்துவர் உறுதி செய்த உடனே அதை எடுத்துவிட வேண்டும். ஏன்? மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், ஸ்டீராய்டு என்று எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை நாமே கொடுக்கிறோம். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில், இதயத்தின் வாசல் வரை போகும் ஒரு குழாயை விட்டுவைத்தால் என்ன ஆகும்? கிருமிக்கு நாமே வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

இரண்டு, வயிற்றுக் குழாய். வீட்டிலேயே பை மாற்றி டயாலிசிஸ் செய்துகொண்டவர்களுக்கு இது இருக்கும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தப் பைகள் வீடு தேடியே வருகின்றன. மாற்றுச் சிறுநீரகம் நிலைபெற்றதும் இந்தக் குழாயையும் சில வாரங்களில், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதங்களில் எடுத்துவிட வேண்டும்.

மூன்று, செயற்கைக் குழாய். சொந்தச் சிரை ஒத்துவராதவர்களுக்குத் தமனிக்கும் சிரைக்கும் இடையில் செயற்கைக் குழாய் வைத்துத் தைப்பது உண்டு. அது அடைத்துப்போய்ப் பயன்பாட்டில் இல்லாமல் கிடந்தாலும் அதற்குள் கிருமி ஒளிந்திருக்கலாம். காரணம் தெரியாத காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால், "எனக்குக் கையில் பழைய குழாய் ஒன்று இருக்கிறது" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குச் சில நேரம் காய்ச்சல்கூட வராது. உடம்பு சோர்ந்துபோவது மட்டுமே அறிகுறியாக இருக்கும்.

இனி, சொந்தத் தமனியும் சொந்தச் சிரையும் சேர்ந்த ஃபிஸ்டுலாவுக்கு வருவோம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இதை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வைத்திருந்தால் என்ன ஆகிறது? உங்களில் பெரும்பாலோர் தோட்டம் வைத்திருப்பவர்கள். கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் பைப் வழியாகத் தென்னந்தோப்புக்குப் போக வேண்டும். வழியில் ஒரு கேட்வால்வைத் திறந்து, தண்ணீர் மறுபடி கிணற்றுக்கே விழும்படி விட்டுவிட்டால்? தோப்புக்குப் போகும் தண்ணீர் குறையும். குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் மோட்டார் கூடுதலாக இறைக்க வேண்டும். ஃபிஸ்டுலா என்பது அந்தக் கேட்வால்வுதான். தமனி ரத்தம் விரல்களுக்கும் தசைகளுக்கும் போகாமல், குறுக்கு வழியில் சிரைக்குள் புகுந்து இதயத்துக்கே திரும்புகிறது. உடம்புக்குக் குறை வைக்கக் கூடாது என்று இதயம் அதிகமாக இறைக்கிறது.

எவ்வளவு அதிகம்? ஓய்வாக இருக்கும்போது ஒரு மனிதரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம் இறைக்கிறது. நன்றாக வேலை செய்யும் ஒரு ஃபிஸ்டுலாவில் நிமிடத்துக்கு 600 மில்லியில் இருந்து ஒன்றரை லிட்டர் வரை ஓடும். முழங்கைப் பக்கம் போட்ட சிலவற்றில் இரண்டு லிட்டரையும் தாண்டும். டயாலிசிஸ் இயந்திரம் கேட்டது நிமிடத்துக்கு 250, 300 மில்லிதான், அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாலு மணி நேரம். ஆனால் ஃபிஸ்டுலாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பொங்கல் தீபாவளி கிடையாது. டயாலிசிஸ் நின்று பத்து ஆண்டு ஆனாலும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. இதயம் அதற்காக உழைத்துக்கொண்டே இருக்கிறது.

இதை நேரில் காட்டும் ஒரு பரிசோதனை உண்டு. நோயாளியைப் படுக்கவைத்து, ஒரு கையால் நாடி பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் ஃபிஸ்டுலாவை அழுத்தி மூடுவேன். விர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்த கை அடங்கும். அடுத்த சில நொடிகளில், நன்றாகக் கேளுங்கள், சிலருக்கு நாடித் துடிப்பு குறையும். தொண்ணூறாக ஓடிய நாடி நிதானத்துக்கு வரும். விரலை எடுத்தால் மறுபடி ஏறும். நிக்கோலடோனி, பிரான்ஹாம் என்ற இரண்டு மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டு சொன்ன உண்மை இது. கையில் இருக்கும் ஒரு சின்ன இணைப்பு இதயத்தின் வேகத்தையே மாற்றுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் தயவுசெய்து வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். அழுத்தியதில் ரத்தம் உறைந்துவிட்டால் நல்ல ஃபிஸ்டுலா வீணாகிவிடும்.

இதயத்துக்கு இதனால் உண்மையிலேயே கெடுதல் உண்டா, அல்லது மருத்துவர்கள் வெறும் பயம் காட்டுகிறார்களா? இதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர மருத்துவர்கள். மாற்று அறுவை முடிந்து ஓராண்டாவது கடந்து, சிறுநீரகம் நிலையாக வேலை செய்யும் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கும் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஃபிஸ்டுலாவை மூடினார்கள், மறு பிரிவுக்கு அப்படியே விட்டார்கள். தொடக்கத்திலும் ஆறு மாதம் கழித்தும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இதயத்தை அளந்தார்கள். மூடியவர்களுக்கு இதயத்தின் இடது கீழறைத் தசையின் எடை சராசரியாக 22 கிராம் குறைந்திருந்தது. மூடாதவர்களுக்குக் குறையவில்லை. 2019-இல் வெளிவந்த முடிவு இது. அடுத்த ஆண்டு ஆஸ்திரியாவில் இருந்து இன்னோர் ஆய்வு வந்தது. நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் ஓடும் ஃபிஸ்டுலாக்களை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். மூடாமல் விட்டவர்களில் சிலருக்கு இதயச் செயலிழப்பின் அறிகுறிகள் வந்தன. முன்கூட்டியே மூடியவர்களுக்கு வரவில்லை.

உடனே நீங்கள் கேட்பீர்கள்: "அப்படின்னா எல்லாருக்கும் மூடிடலாமுங்களே?"

அங்கேதான் நிதானிக்க வேண்டும். இந்த ஆய்வுகள் சிறியவை. இதயத் தசை குறைந்ததைக் காட்டினவே தவிர, மூடியவர்கள் கூடுதல் காலம் உயிர் வாழ்ந்தார்கள் என்று நிறுவவில்லை. அதைவிடப் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. கசப்பானது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. மாற்றுச் சிறுநீரகத்துக்கும் ஆயுள் உண்டு. சிலருக்கு இருபது, முப்பது ஆண்டுகள் ஓடுகிறது. பலருக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகளில் தளர்கிறது. சிலருக்கு அதற்கும் முன்பே. இருபத்தைந்து வயதில் சிறுநீரகம் பெற்ற ஒரு பையனுக்கு நாற்பது வயதில் மறுபடி டயாலிசிஸ் தேவைப்படலாம். இரண்டாவது சிறுநீரகத்துக்காகப் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அன்றைக்கு அவர் கையில் என்ன இருக்கும்? நல்ல ஃபிஸ்டுலா இருந்தால் அடுத்த நாளே ஊசி போடலாம். இல்லையென்றால் கழுத்து லைன். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் கழுத்து லைன் எப்படிப்பட்டது என்பதைச் சற்று முன்தான் சொன்னேன்.

புது ஃபிஸ்டுலா போட்டுக்கொள்ளலாமே என்றால், அது பழுக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். சிலருக்குப் பழுக்காமலே போகும். அதற்கு நல்ல சிரை வேண்டும். ஒரு மனிதருக்கு இரண்டு கைகள்தான், அவற்றில் பயன்படும் சிரைகள் சிலவே. தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

ஆக, ஒரு பக்கம் இதயம். மறு பக்கம் நாளைய டயாலிசிஸ். இரண்டில் எதற்கு முதலிடம்? ஆளுக்கு ஆள் விடை மாறும், அதே ஆளுக்கும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால்தான் சொல்கிறேன்: அவசரப்பட்டு மூடாதீர்கள், அப்படியே மறந்தும் விடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கையைப் பரிசோதித்து முடிவெடுங்கள்.

யாருக்கு மூடலாம்? சமதரையில் நடந்தாலே மூச்சு வாங்குகிறது, எக்கோ ஸ்கேனில் இதயம் பெருத்திருக்கிறது, டாப்ளர் ஸ்கேனில் ஃபிஸ்டுலாவின் ஓட்டம் ஒன்றரை, இரண்டு லிட்டரைத் தாண்டுகிறது என்றால் மூடுவதைப் பற்றிப் பேச வேண்டும். விரல்கள் சில்லிட்டு, நீலம் பாரித்து, நுனியில் புண் வருகிறது என்றால் கைக்குப் போக வேண்டிய ரத்தம் திருடுபோகிறது என்று பொருள், பேச வேண்டும். சிரை புடைத்து, மேல்தோல் மெலிந்து பளபளக்கிறது, பொருக்கு ஆறவே இல்லை என்றால் தாமதிக்கவே கூடாது. கை முழுக்க வீங்குகிறது என்றால், முன்பு கழுத்தில் லைன் போட்ட இடத்தில் உள்ளே சுருக்கம் விழுந்திருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு இளம்பெண், புடைத்த கையை முந்தானையால் மூடி மூடி மறைத்துக்கொண்டே எதிரில் உட்காருகிறாள். "இதோட எங்க போனாலும் எல்லாரும் கையவே பாக்கறாங்க டாக்டர்" என்கிறாள். அழகுக்காகக் கேட்கிறாள் என்று தள்ளிவிட நமக்கு என்ன உரிமை? சிறுநீரகம் நிலையாக இருக்கிறது, லாப நட்டம் இரண்டையும் புரிந்துகொண்டு கேட்கிறாள் என்றால், அதுவும் நியாயமான காரணம்தான்.

யாருக்கு வைத்திருக்கலாம்? மாற்று அறுவை முடிந்து ஓராண்டு ஆகாதவர்களுக்கு. நிராகரிப்பு ஆபத்து அதிகமாக இருக்கும் காலம் அது. ரத்தத்தில் கிரியாட்டினின் மெல்ல மெல்ல ஏறி, சிறுநீரகம் தளர்ந்துகொண்டிருப்பவர்களுக்கு. மணிக்கட்டில் அளவான ஓட்டத்தோடு, இதயத்துக்குத் தொல்லை தராமல் இருக்கும் ஃபிஸ்டுலாவுக்கு. வேறு சிரையே மிச்சமில்லாதவர்களுக்கு. நடுவழியும் ஒன்று இருக்கிறது. முழுக்க மூடாமல், இணைப்பைச் சுருக்கி ஓட்டத்தை மட்டும் குறைக்கலாம். ஃபிஸ்டுலாவும் இருக்கும், இதயத்துக்கும் இளைப்பாறல் கிடைக்கும். எல்லாருக்கும் அது ஒத்துவராது, ஆனாலும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

மூட முடிவெடுத்தால் பெரும்பாலும் கையை மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்துவிடும் அறுவைதான். மூடியபின் சிலருக்கு ரத்த அழுத்தம் சற்று ஏறும், சில வாரம் கவனிக்க வேண்டும். சிரைக்குள் ரத்தம் உறைந்து கை வலிக்கலாம், சிவக்கலாம். அப்போது சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் விட்டு வழிக்கப் போய்விடாதீர்கள். சிலருக்கு ஃபிஸ்டுலா தானாகவே அடைத்துக்கொள்வதும் உண்டு. அதற்கும் இதே பேச்சுத்தான். கை வைத்து உருவாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து, வைத்திருப்பவர்கள் அன்றாடம் செய்ய வேண்டியது என்ன? மிக எளியது, ஆனால் தவறாமல் செய்ய வேண்டியது. காலையில் பல் துலக்கியதும் மூன்று விரல்களை ஃபிஸ்டுலாவின் மேல் மெல்ல வையுங்கள். அதிர்வு தெரிகிறதா? தெரிந்தால் ஓடுகிறது. அதிர்வு போய், வெறும் துடிப்பு மட்டும் தட்டினால் மேலே எங்கோ அடைப்பு. ஒன்றுமே இல்லையென்றால் நின்றுவிட்டது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள். புடைத்த சிரை தொய்ந்து அடங்க வேண்டும். தூக்கியும் விறைத்தே நின்றால் ரத்தம் திரும்பிப் போகும் வழியில் தடை என்று பொருள். இதற்கு ஸ்கேன் வேண்டாம், காசு வேண்டாம், ஒரு நிமிடம் போதும்.

அந்தக் கையில் பிரஷர் பட்டை கட்டக் கூடாது. ரத்தம் எடுக்கக் கூடாது. இறுக்கமான வாட்ச், காப்பு, மந்திரித்த கயிறு எதுவும் கூடாது. தறி ஓட்டுபவர்களே, நாடா தெறித்து அந்தக் கையில் படாமல் முழுக்கைச் சட்டை போடுங்கள். கோழிப்பண்ணையில் தீவன மூட்டையை அந்தக் கையால் அணைத்துத் தூக்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வேலை செய்பவர்களும், வயிற்றுப்போக்கு வந்தவர்களும் உடம்பில் நீர் வற்ற விடாதீர்கள். நீர் வற்றினால் ரத்த அழுத்தம் விழும், ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளும். மாற்றுச் சிறுநீரகத்துக்கும் அதே நேரத்தில் அடி விழும்.

லேப் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் வாழ்நாள் முழுக்க ரத்தப் பரிசோதனைக்கு வருவார். டாக்ரோலிமஸ் அளவு, கிரியாட்டினின், ரத்த அணுக்கள் என்று மறுபடி மறுபடி ஊசி. ஃபிஸ்டுலா இல்லாத அந்த இன்னொரு கை இருக்கிறதே, நாளைய ஃபிஸ்டுலா அங்கேதான் போட வேண்டியிருக்கும். அதனால் முழங்கை மடிப்பிலும் முன்கையிலும் குத்தாமல், புறங்கைச் சிரையில் எடுங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். அந்த இரண்டு நிமிடம் அவருக்குப் பத்தாண்டு வழியைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

புடைத்த ஃபிஸ்டுலாவில் இருந்து திடீரென்று ரத்தம் பீறிட்டால்? பதறாதீர்கள். துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு வண்டி தேடாதீர்கள். துண்டு ரத்தத்தை உறிஞ்சுமே தவிர நிறுத்தாது. ரத்தம் வரும் புள்ளியின் மேல் விரலை வைத்து நேராக, அழுத்தமாக அமுக்குங்கள். கையை உயரத் தூக்குங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். மருத்துவமனை போய்ச் சேரும்வரை விரலை எடுக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மாற்றுச் சிறுநீரகம் தளரத் தொடங்கினால் அதை மனதுக்குள் பூட்டி வைக்காதீர்கள். கிரியாட்டினின் ஏறுகிறது என்று தெரிந்தும் கோயில் கோயிலாகப் போய், கடைசி நாளில் மூச்சுத்திணறலோடு அவசரச் சிகிச்சைக்கு வந்து கழுத்தில் லைன் போட்டுக்கொள்பவர்கள் எத்தனை பேர்! வேண்டுங்கள், மனதுக்குத் தெம்பு. கூடவே, பழைய ஃபிஸ்டுலா பயன்படுமா, புதிது போட வேண்டுமா, வயிற்று டயாலிசிஸ் ஒத்துவருமா, வீட்டில் வேறு யாராவது சிறுநீரகம் தர முடியுமா என்பதை ஆறு மாதம் முன்பே பேசுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கும் மாற்று அறுவைக்கும் இடம் உண்டு. மறுபடி டயாலிசிஸுக்கு வருவது தோல்வி அல்ல. முன்பு நடந்த வழிதான், இந்த முறை தயாராக நடக்கலாம்.

அன்பர்களே, இந்தத் துறையில் இருக்கும் நாங்களும் மாற வேண்டும். மாற்று அறுவைக்குப் பிறகு வரும் நோயாளியிடம் கிரியாட்டினினைப் பார்க்கிறோம், டாக்ரோலிமஸ் அளவைப் பார்க்கிறோம், மாத்திரையை மாற்றி எழுதுகிறோம், அனுப்பிவிடுகிறோம். ஃபிஸ்டுலா போட்ட அறுவை மருத்துவரிடம் அவர் திரும்பிப் போவதில்லை. டயாலிசிஸ் பிரிவோடு அவருக்குத் தொடர்பு அறுந்துவிடுகிறது. அந்தக் கை யாருடைய பொறுப்பு என்பது யாருக்கும் தெரியாமலே ஆண்டுகள் ஓடுகின்றன. எழுதும் சீட்டில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: ஃபிஸ்டுலா இருக்கிறதா, எப்படி ஓடுகிறது, இதயம் எப்படி இருக்கிறது, என்ன முடிவு. அந்த வரியை எழுதும் பழக்கம் எங்களுக்கு வர வேண்டும்.

எழுத மறந்தால் எங்களை எழுதவைப்பது உங்கள் கையில் இருக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்தோடு இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் அடுத்த செக்கப்புக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். என் ஃபிஸ்டுலாவில் ஓட்டம் எவ்வளவு? என் இதயத்துக்கு எக்கோ எடுத்து எத்தனை நாள் ஆயிற்று? எனக்கு இதை மூடுவது நல்லதா, வைத்திருப்பது நல்லதா, ஏன்? தயங்காதீர்கள். மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். கேட்பது உங்கள் உரிமை. சட்டைக் கையை மடித்துப் பார்த்துப் பதில் சொல்வது எங்கள் கடமை.